ஜன்னலைத் திறக்கச் சொன்னவன்

ஆனி 21, சனிக்கிழமை.

காலை 4.40. ஏலகிரியில் வீட்டைப் பூட்டினேன். எரிவாயு உருளையின் வால்வு மூடியிருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன்.

5.55. ஜோலார்பேட்டை. ரயில் பத்து நிமிடம் தாமதம்.

9.50. சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ.

10.40. காலடிப்பேட்டை நிலையம். இறங்கவில்லை.

11.20. எர்ணாவூர், மகள் வீடு. காற்று மேற்கிலிருந்து.

பகல் 12.10. மகள் உள்ளறையில் படுத்து உறங்கினாள்.

12.38 அளவில். காற்று திரும்பி, கடலிலிருந்து வீசியது. அடுப்பு அணைந்தது. குமிழ் திறந்தே இருந்தது. நான் அடுப்பிலிருந்து ஏழெட்டு அடி தூரத்தில் நாற்காலியில் இருந்தேன்.

12.55. சம்பந்தியம்மாள் வந்து குமிழை மூடினார்.

3.25. அங்கிருந்து புறப்பட்டேன்.

இவை நடந்த வரிசையில் எழுதப்பட்டவை. கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில், முதலில் கண்டதை எழுதுங்கள், காரணத்தைப் பிறகு எழுதுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். காரணத்தை இனி எழுதுகிறேன்.

என் மகளுக்கு இது ஏழாம் மாதம். எர்ணாவூரில், கடலோரக் குப்பத்து மக்களுக்காக அரசு கட்டிய அடுக்குக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், கணவனோடும் மாமியாரோடும் இருக்கிறாள். மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மருமகனுக்கு மணலியில் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை. அன்று அவர் வீட்டில் இல்லை. முதல் பேறு தாய்வீட்டில்தான் என்பது இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவான வழக்கம். ஆனால் தாய் போய்ப் பத்து மாதமாகிறது. தாய்வீடு என்று இப்போது சொல்லக்கூடியது, மலைமேல் நான் தனியே இருக்கும் இரண்டு அறை வீடு மட்டுமே. ஆடி பிறந்துவிட்டால் சம்பந்தியம்மாள் அவளை வாசல் தாண்ட விடமாட்டார். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவளை அழைத்துப்போகச் சம்மதம் வாங்கத்தான் ஒரு பகல் பயணமாக இறங்கினேன்.

அழைத்துப்போக எனக்கு இருந்த காரணம் காற்று. வேறு காரணம் இல்லை.

மணலி ஆலைகளின் புகை வந்து படியும் காலடிப்பேட்டையில் முப்பத்தொரு ஆண்டுகள் குடியிருந்தோம். என் மனைவிக்குத் திருமணத்தின்போதே மூச்சுக்கோளாறு இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உருவாகியிருந்தது. காலையில் எழுந்ததும் ஒருவரும் ஜன்னலைத் தொடுவதில்லை. நான் மொட்டை மாடிக்குப் போவேன். காற்றின் திசையைப் பார்த்து, இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து, கீழே வந்து ஒரே சொல்லைச் சொல்வேன். திற, அல்லது மூடு. பிறகு குறிப்பேட்டில் எழுதுவேன். மேற்குக் காற்று, அழுகிய முட்டை, மூடு. தெற்கு, லேசான தார், பத்து மணிக்கு மேல் திற. வடக்கு, அம்மோனியா, ஈரத்துணி. மகள் நடக்கத் தொடங்கிய வயதில் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பாள். திற என்றால் ஓடிப்போய் எல்லாத் தாழ்ப்பாளையும் அவளே நீக்குவாள். வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் சில காலைகளில் தொலைபேசியில் கேட்பாள். "அப்பா, இன்னிக்கு எப்படி?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் விட்டது. காய்ச்சலோடு மணம் அறியும் திறனும் போனது. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று எண்ணி யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு மாதம் பார்க்கலாம் என்று எண்ணினேன். அதன்பின் சொல்வதென்றால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

நான் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆலைப் புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எதிர்வீட்டுக் கொடியில் துணி எப்படி அசைகிறது, தெருவில் போகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு இறங்கிவந்து, முன்போலவே, ஒரே சொல்லைச் சொன்னேன். குறிப்பேட்டிலும் எழுதினேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படி நடந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் என் மனைவியின் நோய் முற்றியது. மருத்துவர் இடம் மாறச் சொன்னபின் ஏலகிரியில் வீடு பிடித்தோம். அங்கே அவள் ஆறு வாரம் இருந்தாள்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது இயலாது.

சனிக்கிழமை காலை மலையிலிருந்து இறங்கும்போது எதிரே சுற்றுலாக்காரர்களின் கார்கள் ஏறிக்கொண்டிருந்தன. வளைவுகளில் அவற்றின் விளக்கு என் முகத்தில் விழுந்து போயிற்று. காற்று வாங்க வருகிறவர்கள். நான் எதிர்த்திசையில், காற்றை அஞ்சிப் போய்க்கொண்டிருந்தேன். ரயிலிலும் அச்சம் விடவில்லை. என்ன அச்சம் என்று கேட்டிருந்தால், சம்பந்தியம்மாள் மறுத்துவிடுவார் என்ற அச்சம் என்று சொல்லியிருப்பேன். அது முழு உண்மையில்லை. அவர் சம்மதித்துவிடுவார் என்ற அச்சமும் இருந்தது.

மெட்ரோ உயரத்தில் ஓடுகிறது. காலடிப்பேட்டையில் கதவு திறந்தபோது கூரைகளுக்கு நடுவே எங்கள் பழைய மொட்டை மாடி தெரிந்தது. யாரோ பாய் காயப் போட்டிருந்தார்கள். கதவு மூடும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெட்ரோ முடியும் இடத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எர்ணாவூர்ப் பக்கம் திரும்பியதும் என்னருகில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடினாள். அவளைக் கண்ட பிறகே நான் கைக்குட்டையைத் தேடினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, மூக்குல பஞ்சு வெச்சிகினியா? இந்தக் கலீஜ் நாத்தத்துல நாங்களே தலைய வெளிய நீட்டிகினு போறோம், நீ சொம்மா சாமியார் கணக்கா குந்திகினு கீற!"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கைக்குட்டையை மூக்கில் வைத்து, அந்தப் பெண் முந்தானையை எடுக்கும்வரை எடுக்காமல் இருந்தேன்.

சம்பந்தியம்மாள் இளமையில் காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து மீன் விற்றவர். எனக்கு மூன்று வயது இளையவர். குரல் இன்னும் தெருவின் அந்த முனைக்குக் கேட்கும்.

"வாங்க சம்பந்தி. மலைல கொரங்கெல்லாம் சொகமா கீதா?"

"அத்த, வந்ததும் ஆரம்பிக்காதீங்க," என்றாள் மகள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டின் ஜன்னல்கள் மூடியிருந்தன, விளக்கு எரிந்தது.

காபி குடித்து முடிந்ததும் நான் வந்த காரணத்தைச் சொன்னேன். சம்பந்தியம்மாள் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார்.

"வயித்துப்புள்ளக்காரி மல ஏறக்கூடாது சம்பந்தி. பட்ச்சவரு உங்களுக்கு இது மூடநம்பிக்கயா தெரியும். சரி, அத்த உடுங்க. பதினாலு வளைவுன்னு என் புள்ள சொல்றான். அத்தினி சுத்து சுத்தினா எனக்கே கொடலு வெளிய வந்துரும். திடீர்னு வலி கண்டா அங்க யாரு கீறாங்க? கொரங்கா புள்ள புடிக்கும்?"

பேறு மலையில் இல்லை, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஜோலார்பேட்டையில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவோம், அதுவரை நல்ல காற்றில் இருக்கட்டும் என்றேன்.

"இன்னா பெரிய காத்து? என் வூட்டுக்காரரு, அவங்கப்பன், எல்லாம் இந்தக் காத்துல பொறந்து வளந்தவங்கதான். கல்லு கணக்கா இருந்தாங்க."

"மாமா ராவெல்லாம் இருமி இருமித்தானே அத்த போனாங்க?" என்றாள் மகள், மெதுவாக.

"அது கடல் சளி," என்றார் சம்பந்தியம்மாள். பிறகு அவரே, தம்மிடமே சொல்வதுபோல், "அப்டித்தான் டாக்டரு சொன்னாரு," என்றார்.

மகள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார முயன்றாள். இருவருமாகப் பிடித்து உட்காரவைத்தோம்.

"நான் போறேன் அத்த. ரெண்டு மாசம்தானே? அங்க அப்பா இருக்காரு. அப்பா மூக்கு ஒண்ணு போதும் எனக்கு. எங்க வீட்ல அவர் சொல்லாம ஒரு ஜன்னல் தெறந்ததில்ல, தெரியுமா?"

"இத்த நூறு வாட்டி சொல்ட்ட," என்றார் சம்பந்தியம்மாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. "சரி. ஆடி பொறக்குறதுக்குள்ள இட்டுகினு போங்க. புதங்கெழம வாங்க, நானே பூ வெச்சி அனுப்பறேன். ஒரு பேஜாரும் இல்லாம புள்ளையோட திருப்பிக் குடுத்துரணும், ஆமா."

நான் எழுந்து நின்று கைகூப்பினேன். மகள் சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பின் அவள் உள்ளறையில் படுத்தாள். கீழே தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டது. சம்பந்தியம்மாள் குடங்களை எடுத்துக்கொண்டார். சமையலறைக்குத் தனிச் சுவர் கிடையாது. கூடத்தின் மூலையில் ஒரு மேடை, அதன் பக்கத்தில் பால்கனிக் கதவு.

"ஒல கொதிச்சிகினு கீது. அஞ்சே நிமிசம். பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு, புழுக்கமாக இருக்கிறதென்று பால்கனிக் கதவைச் சற்றே நீக்கிவைத்துவிட்டு இறங்கினார்.

நான் செய்தித்தாளை எடுத்தேன். மேலே மின்விசிறி சத்தமிட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் தாளின் ஓரம் படபடத்தது. கடற்காற்று பிடித்துவிட்டது, இனி மணலிப் புகை மேற்கே திரும்பிவிடும் என்று எண்ணி நிம்மதியானேன். அந்த நிம்மதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பானையைப் பார்த்தேன், மூடி அசையவில்லை. கொதி அடங்கிவிட்டது என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. திரும்பவும் படித்தேன். லாரியில் வரிசை நீண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

சம்பந்தியம்மாள் வாசலில் குடத்தைப் போட்ட சத்தத்தில் நிமிர்ந்தேன். தண்ணீர் படியில் ஓடியது.

"ஸ்விச்சுல கை வெக்காத!"

ஓடிவந்து குமிழைத் திருகினார். பால்கனிக் கதவை அகலத் தள்ளினார். ஒவ்வொரு ஜன்னலாகத் தாழ்ப்பாளை அடித்துத் திறந்தார். உள்ளறைக்குள் போய், மகளை எழுப்பாமல், அங்கிருந்த ஜன்னலையும் திறந்து, அவள் மூக்கருகே கைவைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அதுவரை என்னை நீங்க என்றே சொல்லிவந்தவர்.

"இன்னாய்யா ஆளு நீ? அடுப்பு அணைஞ்சி கேஸு பொங்கிகினு கீது. கீழ ரெண்டாவது மாடிலயே எனுக்கு அடிக்குது. நீ பக்கத்துல குந்திகினு பேப்பர் படிச்சிகினு கீற!"

வீட்டு எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் மனிதர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே ஒரு கந்தகச் சேர்மத்தை அதில் கலக்கிறார்கள். எத்தனையோ ஆண்டுகள் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

சம்பந்தியம்மாள் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இறங்கி, அந்த இடத்தில் வேறொன்று வந்தது. மீன் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோன்ற பார்வை. அலமாரியில் இருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தார்.

"கண்ண மூடு."

மூடினேன். மூக்குக்கு அருகே தகரத்தின் குளிர்ச்சி பட்டது.

"இன்னா இது, சொல்லு."

அந்த அலமாரியில் கருவாட்டு டப்பா இருப்பதை வந்தபோதே கண்டிருந்தேன். மூன்று ஆண்டுகள் அப்படித்தான் சமாளித்திருந்தேன்.

"கருவாடு," என்றேன்.

"கண்ணத் தொற."

டப்பாவில் காபித்தூள் இருந்தது.

அவர் அதை மூடி இருந்த இடத்தில் வைத்தார். அடுப்பைத் திரும்பவும் பற்றவைக்காமல், பானையை இறக்கி ஓரமாக வைத்தார். என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா?"

சொன்னேன்.

"அவளுக்குத் தெரியாது."

"தெரியாது."

"சம்பந்தியம்மாவுக்கு?"

என் மனைவிக்கும் தெரியாது என்று தலையசைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே யாரோ லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தோ பாரு சம்பந்தி. நான் சொல்ல மாட்டேன். அது என் வேல இல்ல. ஆனா சொல்லாம அந்தப் பொண்ண மலைக்கு இட்டுகினு போவ முடியாது. உன் மூக்க நம்பித்தான் அவ வரேன்றா. அங்க நீயும் அவளும்தான். இதே மாதிரி அடுப்பு அணைஞ்சா யாரு மாடி ஏறி வருவா?"

அவர் சொன்னதில் நான் மறுக்கக்கூடியது எதுவுமில்லை. எர்ணாவூரின் காற்றிலிருந்து மகளைக் காப்பாற்ற வந்திருந்தேன். அன்று அந்த வீட்டில் அவள் அருகே இருந்த பெரிய ஆபத்து நான்.

மகள் எழுந்துவந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. "என்ன அத்த, இப்படித் தெறந்து போட்டிருக்கீங்க?" என்றாள். "சோறு அடிப்புடிச்சிருச்சி, பொகை," என்றார் சம்பந்தியம்மாள், என்னைப் பார்க்காமல். அவர் எனக்குக் கொடுத்த அவகாசம் அது. புது உலை வைத்தார். மூவரும் சாப்பிட்டோம். மகள் புதன்கிழமைக்கு என்னென்ன எடுத்துவைப்பது என்று பேசிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் கம்பளி மலையில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இரண்டு மணியானது, மூன்றானது. நான் சொல்லவில்லை.

மூன்றேகாலுக்குப் பையை எடுத்தேன். மகள் கூடத்து ஜன்னலருகே போய், தாழ்ப்பாளில் கைவைத்து, திரும்பி என்னைப் பார்த்தாள். படியின் கடைசியில் உட்கார்ந்து காத்திருந்த குழந்தையின் முகம்.

"அப்பா, தெறந்தே வைக்கலாமா? எப்படி இருக்கு சொல்லுங்க."

பழக்கத்தில் ஜன்னலருகே போனேன். முகத்தை உயர்த்தி மூச்சிழுத்தேன். கடலும் சாலையும் டேங்கர் லாரிகளின் வரிசையும் தெரிந்தன. அந்தக் காற்றில் எனக்கென்று ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மாள் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றிருந்தது. சொல்ல வேண்டிய சொல் நாவில் தயாராகவே இருந்தது. முப்பது ஆண்டுகள் பழகிய சொல்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

"தெரியாதுன்னா?"

"வாசனை தெரியறதில்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு. எதுவுமே தெரியறதில்லை."

"எந்தக் காய்ச்சல்?"

"மூணு வருஷம் ஆச்சு."

அவள் கணக்கு ஆசிரியை. மூன்றிலிருந்து பத்து மாதத்தைக் கழிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. அவள் கண்கள் என் முகத்தை விட்டு ஜன்னல் கம்பிக்குப் போய், அங்கேயே நின்றன.

"அம்மா இருக்கும்போதே," என்றாள்.

அது கேள்வி இல்லை. "ஆமாம்," என்றேன்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். சத்தமில்லாமல், தாழ்ப்பாளையும் போட்டாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. பிறகு மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொறந்து வைம்மா," என்றார் சம்பந்தியம்மாள். "கடக் காத்துதான். சாயங்காலம் வரிக்கும் ஒண்ணும் ஆவாது."

மகள் திறந்தாள்.

புதன்கிழமையைப் பற்றி நான் கேட்கவில்லை. மதியம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். "ரயிலுக்கு நேரமாச்சுப்பா," என்றாள் அவள். வழக்கமாகப் படிவரை வருவாள். அன்று ஜன்னலருகேயே நின்றாள். சம்பந்தியம்மாள்தான் கீழே வந்து ஆட்டோவை நிறுத்தினார்.

"பத்திரமா போங்க சம்பந்தி," என்றார். மறுபடி நீங்க.

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காட்பாடிவரை கண்ணாடியை இறக்குவதா ஏற்றுவதா என்று எதிரே இருந்த இருவர் வாதித்துக்கொண்டு வந்தார்கள். என்னையும் கேட்டார்கள். உங்கள் விருப்பம் என்றேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

மலைவீட்டு அடுப்பின் ரப்பர் குழாயை மாற்றுவது. வாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவி ஒன்றை, யார் வந்தாலும் வராவிட்டாலும், வாங்கி மாட்டுவது.

மூக்கை மருத்துவரிடம் காட்டுவது.

ஜோலார்பேட்டை மருத்துவமனையில் பேறுகாலத்துக்குப் பதிவு செய்வது. வருகிறாளா என்று தெரிந்த பிறகு.

பகல் 12.38 முதல் 12.55 வரை நடந்ததை மகளிடம் என் வாயால் சொல்வது.

கடைசி இரண்டு குறிப்பேடுகளையும், என் மனைவி மூச்சு மருந்து எடுத்த நேரங்களைக் குறித்துவைத்த நாட்காட்டியையும் அருகருகே வைத்து, நான் திற என்று எழுதிய காலைகளைப் பார்ப்பது. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

அம்மாவின் கம்பளியை வெயிலில் போடுவது.